கத்திரியக்கா அடக்கிய நாய்

லாண்டரிக்கும் செல்போன் ரிப்பேர் கடைக்கும் நடுவே, ஒரு கார் நிறுத்துகிற அகலத்தில் இருந்தது கத்திரியக்காவின் கடை. நாய், பூனை, முயல், எதைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் குளிப்பாட்டி, முடியும் நகமும் வெட்டி, காது துடைத்து, வளர்க்கிறவருக்கே அடையாளம் தெரியாதபடி திருப்பித் தருவாள். உள்ளே ஒரு தொட்டி, ரப்பர் விரித்த உயரமான மேசை, சுவரில் வரிசையாகச் சீப்புகள், போட்டால் காதைப் பிளக்கிற டிரையர். ஈர நாயின் வாடை வாசல் தாண்டிப் போய், தேய்த்து வைத்த சட்டைகளில் ஏறிக்கொள்கிறது என்று லாண்டரிக்காரருக்கு ஒரு நிரந்தர வருத்தம். அவளுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள்.

அந்த மேசையில் எந்த உயிரும் விருந்துக்கு வருகிற மாதிரி ஏறுவதில்லை. தன்னை என்னமோ செய்யப்போகிறார்கள் என்று அதற்குத் தெரியும். தப்பிக்கத் தன்னிடம் இருக்கிற வித்தையை எடுத்துவிடும். பூனை மயிரைச் சிலிர்த்து இரண்டு மடங்காகிக் காட்டும். அதில் பாதி பூனை, பாதி காற்று. தண்ணீர் பட்டதும் குட்டு வெளிப்பட்டுவிடும். தபால்காரர் ஒருவர் ஓடு தேய்க்க எப்போதாவது ஓர் ஆமையைக் கொண்டுவருவார். அது தலையை இழுத்துக்கொண்டு கதவைச் சாத்திவிடும். அதனிடம் மல்லுக்கட்டிப் பயனில்லை, அதற்கு என்றைக்குமே அவசரம் கிடையாது. முயலை மல்லாக்கப் போட்டால் அசையாமல் கிடக்கும். "பாருங்க, எவ்ளோ சுகமா தூங்குது!" என்று கூட வந்தவர்கள் படம் எடுப்பார்கள். தூக்கமாவது ஒன்றாவது. நரியின் வாயில் மாட்டிக்கொண்டோம், செத்த மாதிரி கிடந்தால் ஒருவேளை விட்டுவிடும் என்று கிடக்கிற கிடப்பு அது. கத்திரியக்காவுக்கு இது தெரியும். தெரிந்துதான் அந்த நேரத்தில் மளமளவென்று நாலு காலிலும் நகத்தை வெட்டி முடிப்பாள். தெரிவது வேறு, வேலை முடிவது வேறு.

நாய் அப்படியில்லை. அது முன்கூட்டியே சொல்லிவிடும். முதலில் உடம்பு விறைக்கும். உதட்டை நக்கும். தூக்கம் வராமலே கொட்டாவி விடும். முகத்தைத் திருப்பிக்கொண்டு, கண்ணின் வெள்ளை தெரியும்படி ஓரமாகப் பார்க்கும். இத்தனையையும் யாரும் கண்டுகொள்ளாவிட்டால் உறுமும். உறுமியும் கேட்காவிட்டால்தான் பல். எந்த நாய்க்கும் கடிப்பதில் ஆசை கிடையாது. சண்டை என்று வந்தால் தனக்கும் அடிபடும் என்று அதற்குத் தெரியும். அதனால்தான் கடிக்கு முன்னால் இத்தனை படி வைத்திருக்கிறது.

கத்திரியக்காவின் மேசையில் எந்த நாயும் உறுமாது. அதுதான் அவளுடைய பெருமை, அவளுடைய பிழைப்பும் அதுதான்.

வித்தை ஒன்றும் பெரிதில்லை. நாயின் தொண்டையில் கர்ர் என்று ஆரம்பிக்கும்போதே, தாடைக்கு அடியில் விரலைக் கொடுத்து முகத்தைத் தூக்குவாள். கழுத்துப் பட்டையை வெடுக்கென்று ஒரு இழுப்பு. "ம்ம்?" என்று ஒரு சத்தம். அந்த 'ம்ம்'மில் ஒரு தலைமையாசிரியர், ஒரு மாமியார், ஒரு போலீஸ்காரர் மூன்று பேரும் இருப்பார்கள். இரண்டு மூன்று முறை வந்துபோன பிறகு, எப்பேர்ப்பட்ட நாயும் பெட்டிப்பாம்பாகிவிடும். "வீட்டுல எங்களைத் தொட விடாதுக்கா, உங்ககிட்ட எப்படித்தான் அடங்குதோ!" என்பார்கள். "பாசம்தான்" என்று அவள் கூசாமல் சொல்வாள். ரொம்பக் கெஞ்சிக் கேட்டவர்களுக்கு அந்த 'ம்ம்'மையும் சொல்லிக்கொடுத்து அனுப்புவாள்.

அப்படி அடங்கியவற்றில் முதல் மாணாக்கன் பஞ்சு. பல் டாக்டர் வீட்டு நாய். வெள்ளை வெளேரென்று மயிர், நடுவில் கறுப்பாக மூன்று பொட்டு: இரண்டு கண், ஒரு மூக்கு. குட்டியாக வந்தபோது நகவெட்டியைப் பார்த்தாலே உறுமித் தீர்க்கும். கத்திரியக்கா அதைக் கண்ணும் கருத்துமாகத் திருத்தினாள். பிறகு புதிதாக யார் வந்தாலும், "அங்க பாருங்க" என்று பஞ்சுவைத்தான் காட்டுவாள். அது மேசையில் பொம்மை மாதிரி நிற்கும்.

ஒரு நாள் பல் டாக்டரின் மனைவி பஞ்சுவைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவர் படித்தது கணக்கு. ஆனாலும் தெருவுக்கு அவர் டாக்டரம்மா.

"நல்லா குளிப்பாட்டிக் குடுங்கக்கா. வாசனையா."

"போன வாரம்தானே குளிச்சுட்டுப் போச்சு? அதுக்குள்ள என்ன, சேத்துல புரண்டுச்சா?"

"நாளைக்கு ஊசி போடப் போறோம்."

"தடுப்பூசியா?"

டாக்டரம்மா தலையை ஆட்டினார். இல்லை என்கிற மாதிரி. உயிரை எடுக்கிற ஊசியைச் சொல்கிறார் என்று கத்திரியக்காவுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது.

"அவரைக் கடிச்சிருச்சுக்கா. வலது கை விரல்ல. தையல் போட்டு, வேலைக்கே போகாம உக்காந்திருக்காரு. அடுத்த மாசம் எங்க பொண்ணு கைக்குழந்தையோட வந்து தங்கப் போறா. எப்படி இதை வெச்சுக்கிறது? வேற யார்கிட்டயாவது குடுக்கலாம்னு எத்தனையோ பேரைக் கேட்டுட்டேன். கடிச்ச நாய்னு சொன்னதும் போனை வெச்சிடறாங்க." பஞ்சுவின் முதுகைத் தடவினார். "அழுக்கா அனுப்ப மனசு வரலக்கா. அதான் இங்க கொண்டாந்தேன்."

"பஞ்சுவா? கடிச்சுதா?" கத்திரியக்கா சிரித்தே விட்டாள். "நான் அடக்கி வெச்ச நாயாச்சே. கடிக்கிறதுக்கு முன்னாடி உறுமிச்சா?"

"உறுமியிருந்தா அவரு கையை எடுத்திருப்பாரே! சோபாவுல படுத்திருந்துச்சு. காதைத் துடைக்கத் தூக்கினாரு. ஒரு சத்தம் இல்ல, ஒண்ணும் இல்ல. திடீர்னு கடிச்சிருச்சு. அதுதான்கா பயமா இருக்கு. சொல்லிட்டாவது கடிச்சிருந்தா தேவல."

சிரித்த வாய் மூடிக்கொண்டது. நாயை வாங்கித் தொட்டியில் இறக்கினாள். டாக்டரம்மா பார்க்க மாட்டாமல் வெளியே போய் லாண்டரி வாசலில் நின்றுகொண்டார்.

தண்ணீரை ஊற்றும்போது பஞ்சு சும்மாதான் இருந்தது. முதுகுக்கு ஷாம்பூ போட்டாள், சும்மா இருந்தது. கை இடது காதுப் பக்கம் போனதும் உடம்பு பலகை மாதிரி ஆனது. உதட்டை நக்கியது. கொட்டாவி விட்டது. கண்ணின் ஓரத்தில் வெள்ளை தெரிந்தது. அவள் கையை எடுத்தாள், தளர்ந்தது. மறுபடி கொண்டுபோனாள், விறைத்தது. காதை மோந்து பார்த்தாள். உள்ளே சீழ் வைத்த நாற்றம். பாவம், அதற்கு உயிர் போகிற வலி. படிகள் எல்லாம் வரிசையாக அப்படியே இருந்தன. நடுவில் ஒரு படி மட்டும் காணவில்லை. உறுமல் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. அதைப் பெயர்த்து எடுத்தது யார் என்று அவள் வேறு யாரையும் போய்க் கேட்க வேண்டியதில்லை.

நுரையோடு நிற்கிற நாயைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

கத்திரியக்கா நாய்க்கு வருவதற்கு முன் மனிதர்களுக்குத்தான் முடி வெட்டிக்கொண்டிருந்தாள். பெண்கள் அழகு நிலையம் ஒன்றில் பல வருடம் வேலை. அந்த முதலாளியம்மாவிடம் ஒரே ஒரு சட்டம்தான்: வாடிக்கையாளர் என்ன சொன்னாலும் சிரிக்க வேண்டும். முகம் கொஞ்சம் சுண்டினாலும் கண்ணாடி வழியாக ஒரு முறைப்பு வரும். அதிலேயே பழகி, யார் எப்படி ஏசினாலும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிக்கிற பொறுமைசாலி என்று பெயர் வாங்கியிருந்தாள். வாரம் தவறாமல் வந்து அவள் நிறத்தையும், அவள் செருப்பையும், அவள் பிள்ளை பெறாததையும் பேசுகிற ஒரு பெண்மணி இருந்தாள். ஒரு நாள் அந்தப் பெண்மணிக்கு நுனி முடியைச் சரிசெய்துகொண்டிருந்தவள், பின்னலை அடியோடு நறுக்கி அவள் மடியிலேயே போட்டுவிட்டாள். "நல்லா சிரிச்சுக்கிட்டுதானே இருந்தா, திடீர்னு என்ன வந்துச்சு இவளுக்கு?" என்று கடையே கேட்டது. அவளைத் துரத்தினார்கள். அந்தக் கத்திரி மட்டும் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

திடீர்னு. டாக்டரம்மாவும் அதே வார்த்தையைத்தான் சொன்னார். கத்திரியக்கா நுரையை அலசினாள், காதைத் தொடாமல் துடைத்தாள், டிரையரைப் போடவில்லை. வெளியே போய், "நாயை இப்பத் தர முடியாது. சாரை வரச் சொல்லுங்க" என்றாள்.

"என்னக்கா இது, குளிப்பாட்டக் குடுத்தா தர மாட்டேங்கிறீங்க?"

"பணம் வேணாம். சாரை வரச் சொல்லுங்க."

டாக்டரம்மா கோபமாகத்தான் போன் பண்ணினார். டாக்டர் வந்தார். கட்டுப் போட்ட விரலை மெழுகுவத்தி மாதிரி நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு வந்தார். கத்திரியக்கா சுற்றி வளைக்கவில்லை.

"சார், இது என் தப்பு. உறுமினா நான் அடக்கிடுவேன். உறுமுறதே கெட்ட குணம்னு நெனச்சேன். அதுக்குக் காதுல சீழ். எப்படிச் சொல்றதுன்னு தெரியாமத்தான் கடிச்சிருக்கு. சொல்ற வாயை நான்தான் அடைச்சு வெச்சிருந்தேன்."

டாக்டர் தன் விரலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"என் சேர்ல உக்கார்றவங்களுக்கு வாய் திறந்தே இருக்கும், பேச முடியாது. அதனால வலிச்சா இடது கையைத் தூக்குங்க, நிறுத்திடறேன்னு சொல்லுவேன். தூக்கினா நிறுத்தியே ஆகணும். இதோ முடிஞ்சுது, இதோ முடிஞ்சுதுன்னு ஒரு தடவை இழுத்துட்டோம்னா, அப்புறம் கையைத் தூக்க மாட்டாங்க. நேரா கடிச்சிடுவாங்க."

"கடிச்சிருக்காங்களா சார்?"

"ஆரம்பத்துல நிறைய."

மனைவியிடம் சண்டை போட முடியாது என்பதை அவர் மறைக்கவில்லை. ஊசியைத் தள்ளிப்போடச் சொல்கிறேன், மகள் வந்த பிறகு ஒரு நாள் வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டுங்கள், என் மனைவி பார்த்துச் சரி என்றால் சரி, இல்லாவிட்டால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றார். டாக்டரம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை.

பஞ்சு கத்திரியக்காவின் வீட்டுக்குப் போனது. இரண்டு அறை வீடு. கணவர் லிஃப்ட் மெக்கானிக். பாதி நேரம் ஏதாவது ஒரு கட்டடத்தின் இருட்டுக் குழிக்குள் இருப்பார். மீதி நேரம் வீட்டில் இருப்பார், இரண்டிடத்திலும் சத்தம் வராது. மனைவி வைத்ததைச் சாப்பிடுவார், காட்டிய சட்டையைப் போட்டுக்கொள்வார். நாய் எதற்கு வந்திருக்கிறது என்று அவள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இந்த வீட்ல உறுமக் கத்துக் குடுக்கிறாங்களா? அப்போ நானும் ஒரு ஓரமா உக்காந்துக்கவா?" என்றார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் அடித்த முதல் ஜோக் என்று அவள் நினைத்தாள். அன்று முழுக்க அது ஜோக்தானா என்று அவளுக்குச் சந்தேகமாகவே இருந்தது.

கால்நடை டாக்டரிடம் காட்டி, காதுக்கு மருந்து விட்டு, வலி குறைந்த பிறகுதான் பாடம் ஆரம்பித்தது. நாய்க்குப் பாடம் என்பது பேச்சுக்குத்தான். கற்றுக்கொள்ள வேண்டியிருந்தவள் இவள்தான். பாதத்தைத் தொடுவாள், பஞ்சு உதட்டை நக்கினால் உடனே கையை எடுத்துவிட வேண்டும். முகத்தைத் திருப்பினால் நகர்ந்துவிட வேண்டும். சொன்னால் கேட்பார்கள் என்று அதற்கு நம்பிக்கை வர வேண்டும், அவ்வளவுதான். கேட்க எளிதாக இருக்கிறது. இத்தனை வருடம் பிடித்த பிடியை விடாமல் பழகிய கைக்கு, விடுவது போல ஒரு கஷ்டம் வேறில்லை. ஒரு தடவை தன்னை அறியாமல் "ம்ம்?" என்று வந்துவிட்டது. பஞ்சு காதை ஒடுக்கிக்கொண்டு தரையோடு தரையாகப் படுத்தது. அன்றைக்கெல்லாம் எழுந்து வரவேயில்லை. அவளுக்கு அழுகை வந்தது.

"வாயில எதையாவது கவ்விக்கோயேன்" என்று கணவர் கொடியிலிருந்து ஒரு துணி கிளிப்பை எடுத்துக் கொடுத்தார். அது நல்ல யோசனை. அதன் பிறகு வீட்டில் மட்டுமல்ல, கடையிலும் உதட்டில் கிளிப்போடுதான் வேலை செய்தாள். எல்லா நாய்க்கும் 'ம்ம்' நின்றது. பெட்டிப்பாம்புகளெல்லாம் ஒவ்வொன்றாகத் தலை தூக்கின. "என்னக்கா, இப்பல்லாம் உறுமுது? கை ராசி போயிடுச்சா?" என்று முகத்துக்கு நேரே கேட்டார்கள். இரண்டு தெரு தள்ளி இருந்த வேறு கடைக்குச் சில பேர் மாறிப்போனார்கள். லாண்டரிக்காரருக்கு மட்டும் வாடை குறைந்ததில் திருப்தி.

பஞ்சுவின் படிகள் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிவாகின. நக்கும், திருப்பும், வெள்ளை காட்டும். சத்தம் மட்டும் வரவில்லை. டாக்டர் வீட்டுப் பெண் குழந்தையோடு வந்துவிட்டாள் என்று தகவல் வந்தது. மறுநாள் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். அன்று சாயங்காலம் கணவர் குளிக்கப் போவதற்குத் துண்டைத் தேடினார். பஞ்சு அதன் மேல் படுத்திருந்தது. குனிந்து ஒரு முனையைப் பிடித்து இழுத்தார்.

"கர்ர்ர்..."

சின்னச் சத்தம்தான். தூரத்தில் லிஃப்ட் ஓடுகிற மாதிரி இருந்தது. கணவர் துண்டை அப்படியே விட்டுவிட்டு, இரண்டடி பின்னால் போய் நின்றார். "வெச்சுக்கோப்பா, நான் வேற எடுத்துக்கிறேன்" என்று மரியாதையாகச் சொன்னார். கத்திரியக்கா உதட்டிலிருந்து கிளிப் கீழே விழ, சமையலறை வாசலில் உட்கார்ந்து அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். கணவர் ஈரமும் இல்லாமல் துண்டும் இல்லாமல், என்ன செய்வதென்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார்.

மறுநாள் டாக்டர் வீட்டு வரவேற்பறையில் எல்லோரும் இருந்தார்கள். டாக்டரின் விரலில் கட்டு சிறிதாகியிருந்தது. மகள் சோபாவில் குழந்தையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். பஞ்சு வாலை ஆட்டிக்கொண்டு வீட்டை ஒரு சுற்று மோந்துவிட்டு, தன் பழைய இடமான சோபா மூலையில் ஏறிப் படுத்தது. குழந்தைக்குக் கைக்கெட்டுகிற தூரம். டாக்டரம்மா பதறிப்போய் அதைத் தூக்கப் போனார்.

பஞ்சு உறுமியது.

கத்திரியக்காவுக்குப் பெருமை பொங்கியது. அவள் வாயைத் திறப்பதற்குள் டாக்டரம்மாவின் விரல் அதன் தாடைக்கு அடியில் போய்விட்டது. மறுகை பட்டையை வெடுக்கென்று இழுத்தது.

"ம்ம்?"

உறுமல் பொட்டென்று நின்றது. பஞ்சு பொம்மையாகிவிட்டது. டாக்டரம்மாவின் முகம் மலர்ந்துபோனது. "பார்த்தீங்களா! ஒரே அதட்டல்ல அடங்கிடுச்சு. நீங்க சொல்லிக்குடுத்ததுதான்கா. இப்படி அடங்கும்னா எனக்குப் பயமில்ல. இங்கயே இருக்கட்டும்." டாக்டர் பெருமூச்சு விட்டார். மகள் கூடச் சிரித்தாள். ஊசி இல்லை, பஞ்சுவுக்குத் தன் சோபா, கத்திரியக்காவுக்குத் தன் பெயர். எல்லாம் ஒரே நிமிடத்தில் சரியாகிவிட்டது. அவள் செய்ய வேண்டியதெல்லாம் சரி என்று தலையாட்டிவிட்டுப் படி இறங்குவதுதான்.

அவள் நாயைப் பார்த்தாள். அது உதட்டை நக்கியது. கண்ணில் வெள்ளை தெரிந்தது.

"டாக்டரம்மா, கையை எடுங்க. மெதுவா."

"அதான் அடங்கிடுச்சே."

"அடங்கிடுச்சு. இப்பத்தான் கடிக்கும்."

டாக்டரம்மா தீப்பட்ட மாதிரி கையை இழுத்துக்கொண்டார். கத்திரியக்கா பஞ்சுவைப் பெயர் சொல்லிக் கீழே வரவழைத்தாள். "உறுமினா அது கெட்ட நாய் இல்ல. தள்ளிப் போங்கன்னு சொல்லுது. அதை நிறுத்தறதுக்கு நான் சொல்லிக்குடுத்தது தப்பு. ஊர் முழுக்கச் சொல்லிக்குடுத்திருக்கேன்" என்றாள்.

மகள்தான் கேட்டாள். "அப்போ உறுமினா நாங்க என்ன பண்ணணும்?"

"நகர்ந்து போயிடணும். அவ்வளவுதான்."

மகள் மடியைப் பார்த்தாள். "இவனுக்கு நகரத் தெரியாதேக்கா."

பார்த்துக்கொள்ளலாம், பழகிவிடும் என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். நாலு பேர் சொல்வதுதானே. கத்திரியக்கா சொல்லவில்லை. "தெரியாதும்மா" என்றாள். "நீ சொல்றது சரிதான்."

டாக்டரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அப்போ ஊசிதானாக்கா?"

"ஊசி எதுக்கு? என் வீட்ல நகரத் தெரிஞ்சவங்க ரெண்டு பேர் இருக்கோம்."

சாப்பாட்டுக் கிண்ணம், மருந்து, போர்வை எல்லாவற்றையும் டாக்டரே ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்தார். வாசல் கேட் அருகே டாக்டரம்மாவால் தாங்க முடியவில்லை. குட்டியிலிருந்து தூக்கி வளர்த்தவர். "என் தங்கமே" என்று குனிந்து, இரண்டு கையாலும் அதை வாரிக்கொள்ளப் போனார். பஞ்சுவுக்கு இடது காது இன்னும் முழுதாக ஆறவில்லை. அது பின்வாங்கி நின்று, தெளிவாக, எல்லோருக்கும் கேட்கும்படி உறுமியது.

டாக்டரம்மாவின் கைகள் அந்தரத்தில் நின்றன. பிறகு மெதுவாகப் பின்னால் போயின.

"போறப்பக்கூட என்னைப் பார்த்து உறுமுதே!"

கத்திரியக்காவுக்கு அவரைப் பார்க்கவே மனம் கனத்தது. என்றாலும் பையிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து, அவர் கண் முன்னாலேயே, நாய்க்குக் கொடுத்தாள். "சமத்து" என்று அதன் முதுகைத் தடவினாள். டாக்டரம்மா முகத்தைப் பொத்திக்கொண்டு விம்மி அழுதார். பொத்திய கை இரண்டிலும் ஒரு கீறல் கூட இல்லை.